ஆபீசர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது யாரிடம் எதைக் கேட்பது?

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை, திங்கள்சந்தை, கருங்கல், அருமனை என்று எந்தப் பக்கம் போனாலும் ‘மிலிட்டரிக்காரர் வீடு’ என்று ஒரு வீட்டைக் கைகாட்டுவார்கள். அந்த வீடுகளில் பெரும்பாலும் சிப்பாயாகச் சேர்ந்து ஹவில்தாராகவோ சுபேதாராகவோ ஓய்வு பெற்றவர்கள்தான் இருப்பார்கள். நேரடியாக ஆபீசராகப் போனவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் ஒரு பிள்ளை ‘ஆபீசராகப் போகணும்’ என்று வாயைத் திறந்தால், ஊர் சொல்லும் யோசனை முழுக்க சிப்பாய் சேர்க்கைக்கான யோசனையாகவே இருக்கும். எனக்குக் கிடைத்ததும் அதுதான்.

என் மாமா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்தவர். அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். நான் தேசிய மாணவர் படையான என்.சி.சி.யில் சேர்ந்த நாளிலிருந்தே அவருக்குக் கால் தரையில் படவில்லை. “மக்களே, ரிக்ரூட்டிங் ஆபீஸ்ல நமக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கு. ஒரு வார்த்தை சொன்னாப் போதும், எல்லாம் பார்த்துக்கிடுவாங்க” என்பார். விடியற்காலையில் பள்ளி மைதானத்துக்குக் கூட்டிப்போய் 1,600 மீட்டர் ஓட வைப்பார். கையில் ஒரு பழைய கடிகாரத்தை வைத்துக்கொண்டு கோல் போஸ்ட் பக்கம் நின்று சத்தம் போடுவார். அன்புக்குக் குறைவில்லை. ஆனால் அவர் சொன்ன 1.6 கிலோமீட்டர் ஓட்டமும், ரிக்ரூட்டிங் ஆபீசும், கூட்டமாக வரவழைத்து ஆள் எடுக்கும் ரேலியும் ஆபீசர் தேர்வில் கிடையாது என்பது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

இந்தக் குழப்பம் தீர்ந்தால் பாதி வேலை முடிந்தது. ராணுவத்தின் ஆள்சேர்ப்பு அலுவலகம், அதாவது ஏ.ஆர்.ஓ., முக்கியமாக அக்னிவீர் போன்ற சிப்பாய் நிலைச் சேர்க்கைகளை நடத்துகிற இடம். நம் மாவட்டம் திருச்சி அலுவலகத்தின் கீழ் வருகிறது. திருவனந்தபுரம் ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய தூரம் என்பதால் பலர் அங்குள்ள பாங்கோடு ராணுவ முகாமுக்கு ஒரு நடை போய் விசாரித்துவிட்டு, ‘நீங்க தமிழ்நாடு, இங்க இல்லை’ என்ற பதிலோடு திரும்புவார்கள். அங்கே இருப்பது கேரள மாவட்டங்களுக்கான அலுவலகம். பாண்டி நாடு தாண்டிப் போனால்தான் நமக்கான அலுவலகம். என்ன செய்ய, 1956 நவம்பர் 1-ஆம் தேதி நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததன் விலை இதுவும்தான்!

ஆபீசர் தேர்வின் வாசல்கள் வேறு. பன்னிரண்டாம் வகுப்போடு என்றால் யு.பி.எஸ்.சி. நடத்தும் என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு. பட்டப்படிப்போடு என்றால் அதே யு.பி.எஸ்.சி.யின் சி.டி.எஸ். (ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணிகள்) தேர்வு, வருடத்துக்கு இரண்டு முறை. என்.சி.சி. ‘சி’ சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு எழுத்துத் தேர்வே இல்லாமல் ஸ்பெஷல் என்ட்ரி. பொறியியல் படித்தவர்களுக்கும் சட்டம் படித்தவர்களுக்கும் தனித்தனி நுழைவுகள். விமானப்படைக்கு ஏ.எஃப்.கேட். எந்த வாசல் வழியாக வந்தாலும் எல்லாரும் போய்ச் சேருகிற இடம் ஒன்று: எஸ்.எஸ்.பி., அதாவது ஆபீசர்களைத் தேர்ந்தெடுக்கும் வாரியத்தின் நேர்முகம். ஐந்து நாள். அங்கே தேர்வாகி, மருத்துவப் பரிசோதனையில் தேறி, தகுதிப் பட்டியலில் இடமும் கிடைத்தால்தான் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள்.

அப்படியென்றால் ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்காரர்களால் நமக்குப் பயனே இல்லையா? இருக்கிறது. என்ன பயன் என்பதை நான் தெரிந்துகொண்டது ஒரு கல்லூரி நிகழ்ச்சியில்.

ராணுவத்தில் என்னென்ன வேலை வாய்ப்பு என்று விளக்க ஒரு குழு வந்திருந்தது. வாசலில் ஒரு மேஜை, துண்டுப் பிரசுரம், ஒரு ஹவில்தார். நெல்லைப் பக்கத்துக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது. நான் போய் “சார், பெண்கள் ஆர்மியில சேர எப்படி விண்ணப்பிக்கணும்?” என்றேன். அவர் உடனே, “தங்கச்சி, பெண்களுக்கு மிலிட்டரி போலீஸ் மட்டும்தான் இருக்கு” என்று ஒரு தாளை நீட்டினார். அவர் சொன்னது பொய் இல்லை. சிப்பாய் நிலையில் பெண்களுக்கு ராணுவத்தில் அப்போது இருந்தது மிலிட்டரி போலீஸ் பிரிவுதான். நான் ‘சேர’ என்று பொதுவாகக் கேட்டேன், அவர் தினமும் செய்கிற வேலையிலிருந்து பதில் சொன்னார். பக்கத்தில் நின்ற ஒரு பிள்ளை அந்தத் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போயே போய்விட்டாள். அவள் பி.எஸ்சி. கடைசி வருடம், என்.சி.சி.யில் கேடட்களுக்குள் பெரிய பதவியான சீனியர் அண்டர் ஆபீசர். பெண்கள் 1992 முதலே ஆபீசர்களாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்று அந்த மேஜையில் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். பேச வந்தவர் ஒரு கர்னல். பேச்சு முடிந்ததும் கேள்வி கேட்கச் சொன்னார்கள். இந்த முறை முழுதாகக் கேட்டேன்: “சார், எனக்கு வயது இவ்வளவு, இந்தப் பட்டம், இவ்வளவு சதவீதம், என்.சி.சி.யில் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது, ‘சி’ சான்றிதழில் பி கிரேடு. ஆபீசர் நுழைவில் எதெதற்கு நான் தகுதி?” அவர் முகம் மாறியது. “இப்படிக் கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியும்” என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில், “தகுதி பற்றி என்னிடம் கேள், தேர்வு பற்றிக் கேட்காதே. தேர்வு என் கையில் இல்லை. நான் சொன்னதும் அறிவிக்கையில் இருப்பதும் வேறாக இருந்தால் அறிவிக்கையை நம்பு” என்றார்.

அதன் பிறகு யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை நான் பிரித்துக்கொண்டேன். அறிமுகம் இல்லாத அலுவலகத்தில் வேலை நடப்பதற்கு முக்கால் காரணம் கேள்வி எப்படி இருக்கிறது என்பதுதான். ‘ஆபீசர் ஆக என்ன செய்யணும்’ என்று கேட்டால் யாராக இருந்தாலும் ‘வெப்சைட்டைப் பாருங்க’ என்றுதான் சொல்வார்கள். பிறந்த தேதி, பட்டம், சதவீதம், என்.சி.சி. கிரேடு, எந்த நுழைவு, அறிவிக்கையில் எந்தப் பத்தியில் சந்தேகம், இவ்வளவும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசினால் இரண்டு நிமிடத்தில் பதில் கிடைக்கும். போனில் பேசினால் யாரிடம் பேசினோம், என்ன தேதி, என்ன சொன்னார் என்று குறித்து வைத்துவிடுவேன். முக்கியமான சந்தேகம் என்றால் மின்னஞ்சல்தான். ஒரு மின்னஞ்சலில் ஒரு கேள்வி. மூன்று கேள்வி கேட்டால் முதல் கேள்விக்கு மட்டும் பதில் வரும். இது எனக்கு எல்லா அரசு அலுவலகத்திலும் நடந்திருக்கிறது.

நேரில் போவதாக இருந்தால் நாகர்கோவிலிலிருந்து திருச்சி ஏறக்குறைய 375 கிலோமீட்டர். ராத்திரி வண்டி ஏறினால்தான் காலையில் போய்ச் சேரலாம். ஆபீசர் விண்ணப்பத்துக்காக அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமே இல்லை, எல்லாமே ஆன்லைன். மாமாவிடம் இதைச் சொன்னபோது நம்பவில்லை. “ஆளைப் பார்க்காம எப்படி மக்களே எடுப்பாங்க?” என்றார். ஆளைப் பார்ப்பார்கள் மாமா, ஐந்து நாள் பார்ப்பார்கள், ஆனால் அது பெங்களூரில்.

நம் மாவட்டத்துக்குள்ளேயே உதவக்கூடியவர்கள் இருக்கிறார்கள். என்.சி.சி.யில் இருந்தால் நாகர்கோவில் பட்டாலியன்தான் முதல் இடம். அங்கே தலைமை அதிகாரியான சி.ஓ., இப்போதும் பணியில் இருக்கும் ராணுவ அதிகாரி. எஸ்.எஸ்.பி.யைத் தாண்டி வந்தவர். ஆபீசர் தேர்வைப் பற்றிக் கேட்க அவரைவிடப் பொருத்தமான ஆள் மாவட்டத்தில் கிடைப்பது கஷ்டம். ஆனால் கேடட்கள் அவரிடம் போகப் பயந்து, பயிற்சி கொடுக்கும் ராணுவ வீரர்களான பி.ஐ. ஸ்டாஃபிடமே கேட்பார்கள். பி.ஐ. ஸ்டாஃப் டிரில்லும் துப்பாக்கியும் அருமையாகச் சொல்லிக் கொடுப்பார்கள், எஸ்.எஸ்.பி. அவர்கள் கடந்து வந்த பாதை இல்லை. கல்லூரியில் என்.சி.சி.க்குப் பொறுப்பான ஆசிரியர், அதாவது ஏ.என்.ஓ. மூலமாக நேரம் கேட்டு சி.ஓ.வைப் பாருங்கள். நான் போனபோது பத்து நிமிடம் என்று சொல்லி, அரை மணி நேரத்துக்கு மேல் பேசினார். என் ஆங்கிலத்தைப் பற்றி உடைத்துச் சொன்னவரும் அவரே. “உனக்கு விஷயம் தெரிகிறது. வாக்கியத்தை முடிக்க மாட்டேன் என்கிறாய்” என்றார். அது சரிதான். பதற்றத்தில் பாதி வாக்கியத்தோடு நின்றுவிடுவேன்.

அப்புறம் நாகர்கோவிலில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. முன்னாள் படைவீரரின் பிள்ளை என்றால் அதற்கான சான்றிதழ் வேலைகளுக்கு அங்கே போகலாம். ஓய்வு பெற்ற ஆபீசர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் அறிமுகம் கிடைக்கவும் வாய்ப்பு உண்டு. மாமா தன் வழியில் உதவியதும் இங்கேதான்: அவருடைய பழைய யூனிட் நண்பர் ஒருவர் வழியாக, ஓய்வு பெற்ற ஒரு மேஜரிடம் கொண்டுபோய் விட்டார். அந்த மேஜர் சார் வீட்டுத் திண்ணையில் சாயா குடித்துக்கொண்டே என்னை ஆங்கிலத்தில் விடாமல் பேச வைத்தார். ‘ஆள் தெரியும்’ என்று மாமா சொன்னது கடைசியில் வேறு விதத்தில் பலித்தது.

இனி விண்ணப்பம். என்.சி.சி. ஸ்பெஷல் என்ட்ரிக்கு வருடத்துக்கு இரண்டு முறை அறிவிக்கை வரும். பட்டப்படிப்பில் மொத்தம் 50 சதவீதம், ‘சி’ சான்றிதழில் குறைந்தது பி கிரேடு, வயது 19 முதல் 25 வரை. ராணுவ இணையதளத்தில் ஆபீசர் நுழைவுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. அக்னிவீர் பகுதியில் போய்ப் பதிவு செய்துவிட்டு ‘எனக்கு எதுவும் வரலையே’ என்று காத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். பதிவு செய்தபின் விண்ணப்பத்தைத் திறந்து ஏதாவது திருத்தினால் மறுபடியும் ‘சப்மிட்’ அழுத்த வேண்டும். சின்னத் திருத்தம்தானே என்று அதை அழுத்தாமல் மூடிவிட்டுப் போனால் விண்ணப்பம் முடிக்கப்படாமல் கிடக்கும். கடைசி நாளில் விண்ணப்ப நேரம் முடிந்து அரை மணி நேரம் கழித்து, ரோல் நம்பர் போட்ட பிரதி இரண்டு அச்செடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றில் கையெழுத்துப் போட்டு எஸ்.எஸ்.பி.க்குக் கொண்டுபோக வேண்டும், இன்னொன்று நம் கையில். கடைசி நாளில் நம் ஊரில் கரண்ட் போகும், மழை வந்தால் நெட்டும் போகும். அதனால் நாலு நாளுக்கு முன்னால் முடித்துவிட்டு அச்செடுக்க மட்டும் கடைசி நாளை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. சி.டி.எஸ். தேர்வுக்கு 200 ரூபாய், பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் அதுவும் இல்லை. சி.டி.எஸ். எழுதுகிறவர்கள் திருவனந்தபுரத்தைத் தேர்வு மையமாகப் போடலாம், நமக்கு அதுதான் பக்கம். மையங்களில் இடம் முதலில் விண்ணப்பிப்பவருக்கே என்பதால் தாமதித்தால் வேறு ஊருக்கு அலைய நேரும். பெண்கள் சென்னையில் இருக்கும் ஆபீசர் பயிற்சி அகாடமியான ஓ.டி.ஏ.வுக்கு மட்டும் விண்ணப்பித்தால் ஆங்கிலம், பொது அறிவு என்று இரண்டு தாள் போதும், கணக்கு இல்லை. நான் எழுதிய காலத்தில் சி.டி.எஸ். வழியாகப் பெண்களுக்கு இருந்தது ஓ.டி.ஏ. ஒன்றுதான்.

சான்றிதழ்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மாவட்டத்தில் பெயரே ஒரு பெரிய தலைவலி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால். ஒன்றில் அப்பா பெயர் முழுதாக, இன்னொன்றில் ஓர் எழுத்து. கிறிஸ்தவக் குடும்பங்களில் ஞானஸ்நானப் பெயர் ஒரு சான்றிதழில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. மலையாள வழியில் படித்த பெற்றோரின் பெயர் ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். ராணுவத்துக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரும் பிறந்த தேதியும்தான் ஆதாரம். ஆதாரை அதற்கு ஒத்ததாக மாற்றுவதே சுலபம். அறிவிக்கை வந்த பிறகு ஆதார் மையத்துக்கு ஓடினால் திருத்தம் வருவதற்குள் கடைசித் தேதி போய்விடும். கல்லூரி இரண்டாம் வருடத்திலேயே இதைச் செய்து முடித்துவிடுங்கள்.

அடுத்தது, அசல் சான்றிதழ்கள். நிறையக் கல்லூரிகள் சேரும்போது பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அசல்களை வாங்கி வைத்துக்கொள்கின்றன. எஸ்.எஸ்.பி.க்கு அசல் வேண்டும். ஒரு கல்லூரியில் என் தோழிக்கு, பொறுப்பான ஆள் விடுப்பில் இருக்கிறார் என்று சொல்லி அலமாரிச் சாவிக்காகக் கடைசி நாள் மாலை வரை காக்க வைத்தார்கள். அன்று ராத்திரி அவளுக்கு ரயில். அழைப்புக் கடிதம் வந்த அன்றே அதன் நகலோடு எழுத்தில் ஒரு வேண்டுகோள் கொடுத்து வாங்கிவிடுவது நல்லது. மதிப்பெண்ணுக்குப் பதில் சி.ஜி.பி.ஏ. இருந்தால் அதைச் சதவீதமாக மாற்றும் முறைக்குப் பல்கலைக்கழகத்திடமிருந்து சான்று வேண்டும். நமக்கு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் என்பதால் திருநெல்வேலிக்கு ஒரு நடை போக வேண்டியிருக்கலாம். பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் இருபது பிரதி கேட்பார்கள். இருபது எதற்கு என்று ஸ்டுடியோக்காரர் சிரித்தார்.

ஏஜென்ட் விவகாரத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சாயாக் கடையில், அப்பாவோடு நான் உட்கார்ந்திருந்தபோது ஒருவர் தானாகவே வந்து பேச்சுக் கொடுத்தார். என் கையில் இருந்த சான்றிதழ் ஃபைலைப் பார்த்திருப்பார். “ஆபீசர் போஸ்ட்டா? எஸ்.எஸ்.பி.யில நமக்கு ஆளு உண்டு. முதல்ல பாதி, ரிசல்ட் வந்தபிறகு பாதி” என்றார். அப்பாவுக்கு ஒரு கணம் ஆசை தட்டியது, முகத்தில் தெரிந்தது. ரப்பர் பால் எடுத்து என்னைப் படிக்க வைத்தவர், பிள்ளைக்காக நிலத்தை அடகு வைக்கத் தயங்காதவர். நான்தான் எழுந்து “வாங்கப்பா” என்று கூட்டி வந்தேன்.

பஸ்ஸில் அப்பாவுக்கு விளக்கினேன். எஸ்.எஸ்.பி.யில் உளவியலாளர் ஒருவர், நேர்முகம் காண்பவர் ஒருவர், மைதானத்தில் குழுப் பணிகளைக் கவனிக்கும் ஜி.டி.ஓ. ஒருவர் என்று மூன்று பேர் தனித்தனியாக மதிப்பிடுகிறார்கள். ஒருவர் என்ன எழுதினார் என்பது கடைசி நாள் கான்ஃபரன்ஸ் வரை மற்றவருக்குத் தெரியாது. நமக்கு மார்பில் ஒரு எண், அதுதான் அங்கே நம் பெயர். இதில் எந்த ஒருவரைப் பிடித்தாலும் காரியம் நடக்காது. ‘ரிசல்ட் வந்தபிறகு பாதி’ என்பதில்தான் சூட்சுமமே. பத்துப் பேரிடம் பாதிப் பணம் வாங்கினால், தன் திறமையில் தேறுகிற ஒருவர் மீதிப் பணமும் தருவார். மற்றவர்களுக்குத் ‘தள்ளிப்போச்சு’ என்று சொன்னால் முடிந்தது. அப்பா கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, “அப்போ அவனுக்கு எப்படிப் பார்த்தாலும் லாபம்தான், என்ன பிள்ளே?” என்றார்.

எஸ்.எஸ்.பி.க்கு எனக்கு பெங்களூர் கிடைத்தது. முதல் நாள் ஸ்கிரீனிங்கில் அறிவுத்திறன் கேள்விகள், பிறகு மங்கலான ஒரு படத்தைக் காட்டி அதற்குக் கதை எழுதச் சொல்லி, குழுவாக விவாதிக்க விடுவார்கள். வந்தவர்களில் பெரும் பகுதி அன்று மதியத்துக்குப் பிறகே வீட்டுக்குப் போய்விடும். விவாதத்தில் வடக்கத்திப் பிள்ளைகள் வேகமாகப் பேசும்போது நம் பிள்ளைகள் ஒதுங்கி நின்றுவிடுகிறோம். மேஜர் சார் திண்ணையில் சொல்லிக் கொடுத்தது இங்கே கைகொடுத்தது: கூச்சலில் நுழைய வேண்டாம், ஒருவர் மூச்சு விடும் இடத்தில் ‘அவர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்’ என்று தொடங்கி, தொடங்கிய வாக்கியத்தை முடிக்க வேண்டும். ஹிந்தி தெரியாதது குறையே இல்லை, ஆங்கிலத்தில் பேசினால் போதும்.

இரண்டாம் நாள் உளவியல் தேர்வு. அறுபது சொற்கள், ஒவ்வொன்றுக்கும் பதினைந்து வினாடி. சூழ்நிலைக் கேள்வி அறுபது, அரை மணி நேரம். மனப்பாடம் செய்து வந்தவர்கள் பாதியில் தடுமாறியதைப் பார்த்தேன்.

இதற்கெல்லாம் முன்பே பி.ஐ.க்யூ. என்று ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள். ஊர், குடும்பம், அப்பா வேலை, வருமானம், படிப்பு, பொழுதுபோக்கு, விளையாட்டு, முன்பு எத்தனை முறை வந்தாய். நேர்முகம் முழுக்க இதிலிருந்துதான் கிளம்பும். அப்பா வேலை என்ற இடத்தில் ‘விவசாயம்’ என்று எழுதச் சொல்லி ஒரு கோச்சிங் ஆள் யோசனை தந்திருந்தார். நான் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி என்றே எழுதினேன். நேர்முகத்தில் அதிகாரி அதைப் பிடித்துக்கொண்டார். எத்தனை மணிக்கு வெட்டப் போவார்கள், ஏன் விடியற்காலையில், மழைக்காலத்தில் வருமானத்துக்கு என்ன செய்வீர்கள், விலை இறங்கினால் என்ன ஆகும். இதற்கெல்லாம் நான் படிக்கவே வேண்டியதில்லையே! வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும், மழை பெய்தால் சிரட்டையில் தண்ணீர் விழும், அதனால் பட்டையில் பிளாஸ்டிக் பாவாடை கட்டுவோம் என்று சொல்லிக்கொண்டே போனேன். அந்தப் பத்து நிமிடம்தான் அந்த ஐந்து நாளில் நான் நன்றாகப் பேசிய நேரம்.

சொந்த மாவட்டத்தைப் பற்றியும் கேட்பார்கள். 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்களை மார்த்தாண்ட வர்மாவின் படை தோற்கடித்தது, பிடிபட்ட டி லனாய் பின்னாளில் அதே திருவிதாங்கூர் படைக்குப் பயிற்சி கொடுத்தது, அவர் கல்லறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருப்பது, திருவிதாங்கூர் நாயர் படை இன்று மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் ஒன்பதாவது பட்டாலியனாக இருப்பது, இதையெல்லாம் மாமா சின்ன வயதிலிருந்தே சொல்லியிருக்கிறார். 2004 சுனாமி, 2017 ஒக்கி புயல் இரண்டிலும் நம் கடற்கரையில் படைகள் என்ன செய்தன என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். எனக்கு ஒக்கி கேள்வி வந்தது.

எஸ்.எஸ்.பி.யில் நேரம் பார்த்து ஓட வைக்கும் சோதனை கிடையாது. மைதானத்தில் தடைகளைத் தாண்டும் பணிகள் உண்டு, மூன்று நிமிடம். ஆனால் தேர்வாகிப் பயிற்சிக்குப் போகும்போது 2.4 கிலோமீட்டரை ஆண்கள் 10 நிமிடம் 30 வினாடியிலும் பெண்கள் 13 நிமிடத்திலும் ஓடக்கூடியவர்களாக இருக்க வேண்டும் என்று அறிவிக்கையிலேயே சொல்கிறார்கள். மாமா ஓட வைத்ததை நிறுத்த வேண்டியதில்லை, தூரத்தைக் கூட்டிக்கொண்டால் போதும். உயரத்திலும் நம் ஊரில் ஒரு தப்பெண்ணம் உண்டு. ரேலியில் 166 செ.மீ. இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட பையன்கள் ராணுவமே இனி இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். ஆபீசர் நுழைவில் ஆண்களுக்குக் குறைந்தபட்ச உயரம் 157, பெண்களுக்கு 152.

எனக்கு எஸ்.எஸ்.பி.யில் ரெக்கமென்டேஷன் கிடைத்தது, அதாவது தேர்வானேன். மெடிக்கலுக்குப் போகுமுன் காது அழுக்கு, பல், எடை, ரத்தத்தில் ஹீமோகுளோபின், பெண்கள் என்றால் வயிற்று ஸ்கேன் இவற்றை ஊரிலேயே பார்த்துவிட்டுப் போனால் அங்கே அதிர்ச்சி இருக்காது. என்னோடு தேர்வான ஒரு பிள்ளையைக் காது அழுக்குக்காகவே திருப்பினார்கள். 42 நாளுக்குள் அப்பீல் மெடிக்கல் போர்டுக்குப் போகலாம் என்பதால் சுத்தம் செய்துகொண்டு போய்த் தேறினாள். நான் முதலிலேயே தேறினேன். ஆனால் தகுதிப் பட்டியலில் காலியிடங்களின் எண்ணிக்கைக்குக் கீழே போய்விட்டேன். எஸ்.எஸ்.பி.யில் தேர்வானாலே வேலை கிடைத்துவிட்டது என்று ஊரில் இனிப்புக் கொடுத்துவிடுவார்கள், எங்கள் வீட்டிலும் கொடுத்தார்கள். ஜாயினிங் லெட்டர் கைக்கு வரும்வரை லட்டுக்குச் சொல்ல வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அம்மா இன்றும் இதை ஒத்துக்கொள்ள மாட்டாள், ‘அதுவே பெரிய விஷயம்’ என்பாள்.

இப்போது நான் நாகர்கோவிலில் வேறு வேலையில் இருக்கிறேன். சித்தி மகன் ஒருவன் அடுத்த என்.சி.சி. நுழைவுக்குத் தயாராகிறான். அவனுக்குச் சொல்லச் சொல்லத்தான் இதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. அவன் போன வாரம் கேட்ட கேள்வி, சம்பளம் எவ்வளவு என்பது. பயிற்சியிலேயே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை உண்டு. லெப்டினன்ட் ஆனபின் அதே அளவு அடிப்படைச் சம்பளத்தோடு, ராணுவச் சேவைப் படியாக 15,500 ரூபாயும் மற்ற படிகளும் சேரும். குறுகிய காலப் பணியான ஷார்ட் சர்வீஸ் என்றால் பத்து வருடம், விருப்பமும் தகுதியும் இருந்தால் இன்னும் நாலு வருடம் நீட்டிக்கலாம். இது எல்லாம் அறிவிக்கையில் இருக்கிறது என்று சொல்லி, அவனையே படிக்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டு படித்தான். படித்துவிட்டு, எனக்குத் தோன்றாத ஒரு சந்தேகம் கேட்டான்: கடைசி வருடத் தேர்வு முடிவு தள்ளிப்போனால் என்ன செய்வது? அதை அவனையே மின்னஞ்சலில் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

அவனுக்குச் சொன்ன இன்னொன்று, எந்த நுழைவில் முதல் முறை எஸ்.எஸ்.பி.க்குப் போனாலும் மூன்றாம் வகுப்பு ஏ.சி. ரயில் கட்டணத்தைத் திருப்பித் தருவார்கள். அதே நுழைவில் இரண்டாம் முறை போனால் கிடையாது. டிக்கெட்டை போனில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் அச்செடுத்து, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகலோடு உன் சான்றிதழ் ஃபைலில் வை, ஊருக்குக் கிளம்பும் முன்பே படிவத்தைக் கொடுத்துவிடு என்றிருக்கிறேன்.